விட்ட இடத்திலிருந்து

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் பஸ்ஸில், செம்பட்டிக்குச் சற்று முன்பாகக் கண்டக்டரின் டிக்கெட் மிஷின் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட, அவர் பையிலிருந்து வேறொரு பாட்டரியை எடுத்துப் பொருத்தியதும், அது அதே ஸ்டேஜில், அடுத்த எண்ணுள்ள சீட்டை அச்சடித்துக் கொடுத்தது. உயிர் பிரிந்த யந்திரத்துக்கு ஞாபகம் மட்டும் எங்கே தங்கியிருந்தது?

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் செல்போன் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர், நகத்தளவு சில்லு ஒன்றைக் காட்டி, மின்சாரம் அற்றுப்போனாலும் எழுதியது அழியாத ஃபிளாஷ் நினைவகம் அது என்றார். அந்த விளக்கத்தோடு என் மனம் அமைதி கொள்ளவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும் இந்த ஞாபகத்தின் பூர்வீகத்தைத் தேடலானேன்.

1975இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட எச்.பி.-25 என்னும் கைக் கணிப்பானில் 49 படிகள் கொண்ட நிரலை எழுதலாம். ஆனால் அணைத்த மாத்திரத்தில் அத்தனை உழைப்பும் அழிந்துவிடும். மறு ஆண்டே வந்த 25சி, சொற்ப மின்சாரத்தில் ஜீவிக்கும் சிமாஸ் நினைவகத்தைக் கொண்டிருந்ததால், பார்வைக்கு அணைந்திருந்தபோதும் பாட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரத்தைப் பருகியவாறே எழுதியதைக் காத்து நின்றது. 1996இல் வந்த பாம் நிறுவனத்தின் ‘பைலட்’ என்னும் கையடக்கக் கணினியிலும் ‘சேமி’ என்று கட்டளையிட வேண்டிய அவசியமே இல்லை; ஒரு நிரலை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது, முந்தையது தன் நிலையைத் தானே குறித்து வைத்துவிட்டு விடைபெறும்.

சொற்பத்தைக் கொண்டே நினைவைக் காக்கும் இந்தச் சிக்கனம் உச்சத்தை எட்டியது 2008இல் கைக்கு வந்த ஆண்ட்ராய்டு போனில் என்பேன். நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், பின்னணியில் கிடக்கும் நிரலை அது முன்னறிவிப்பின்றிக் கலைத்துவிடும். அதனால் நிரலானது திரையை விட்டு மறையும் தருணத்திலேயே, பாதி தட்டச்சு செய்த வாக்கியம் எது, பக்கத்தை எதுவரை நகர்த்தியிருந்தோம் என்னும் அற்ப விவரங்களை மட்டும் ஒரு சிறு குறிப்பாக ஒப்படைத்துவிட வேண்டும். முழு உடலையும் காப்பாற்ற வழியில்லாதபோது எதைக் காத்தால் போதும் என்று தேர்ந்தெடுக்கும் இந்த விவேகம் வறுமையில் பிறந்ததே.

தேடலில் என்னை மிகவும் நெகிழ்வித்த சாதனம், 2001 ஏப்ரலில் பெங்களூரில் அறிமுகமான சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு முதலியோர், ஆளுக்கொரு கருவி வாங்கச் சக்தியற்ற கிராமத்தார் பலர் ஒன்றையே பகிர்ந்துகொள்ளட்டும் என்று எண்ணி, ஒவ்வொருவருடைய தகவலும் அவரவர் கையிலுள்ள ஸ்மார்ட் கார்டில் தங்கும்படி அதை அமைத்தனர். மற்றவர்கள் ஞாபகத்தை யந்திரத்துக்குள் பூட்டிவைக்க முயன்றிருக்க, இவர்கள் அதை மனிதனிடமே ஒப்படைத்தார்கள். சந்தையில் அக்கருவி எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தமுண்டு. ஆயினும் இந்த வரலாற்றை யார் எழுதினாலும், அந்தக் கார்டுக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.