ஸெலியா க்ரூஸ் அம்மையார்

பொருள் விளங்காத பாட்டும் மனத்தைப் பற்றிக்கொள்ளுமோ என்று நண்பரொருவர் என்னை வினவியதுண்டு. பற்றிக்கொள்ளும் என்பதற்கு யானே சாட்சி. ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத யான், விடுதியில் ஓரிரவு இவ்வம்மையாரது பாட்டைக் கேட்டு நெடுநேரம் உறங்காதிருந்தேன். அதன்பின்னரே அவரது வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

அம்மையார் கியூபாவின் தலைநகராகிய ஹவானாவில் 1925-ஆம் ஆண்டு எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். பாட்டுக்காரி என்னும் பெயரை விரும்பாத தந்தையார், மகள் ஆசிரியையாதல் வேண்டுமென்றார். மகளும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். இடையில் வானொலிப் போட்டியொன்றிற் பாடி வென்றார். கிடைத்த பரிசு ஒரு கேக்! இதனைப் பிழைப்பென்று எந்த வீட்டுப் பெரியோர்தாம் ஒப்புவர்?

1950-இல் 'ஸொனோரா மதான்ஸேரா' என்னும் புகழ்பெற்ற குழுவில் அவர் பாடப் புகுந்தபொழுது, முன்னிருந்த பாடகியை விரும்பினோர் முணுமுணுத்தனர். பெண் பாடும் ரும்பாத் தட்டு விலைபோகாது என்றார் இசைத்தட்டு வணிகர். குழுத்தலைவர் ரொஹேலியோ மார்த்தினேஸோ விட்டுக்கொடாது நின்றார். தட்டு விற்றது. பதினைந்தாண்டு அக்குழுவில் அவர் குரலே ஓங்கிற்று.

நிற்க. 1960 ஜூலையில் குழுவினருடன் மெக்ஸிகோவுக்குச் சென்ற அம்மையார் பின்னர்த் தாய்நாடு திரும்பினாரல்லர். 1962-இல் தாயார் இறந்தபொழுது, அடக்கத்திற்கேனும் வர அவர் வேண்டியும் கியூபா அரசாங்கம் இசையவில்லை. பெருவெள்ளத்தாற் பாதை அடைபட்டு, என் பாட்டியாரின் அடக்கத்திற்கு ஒருநாள் பிந்திச் சென்றவன் யான். அவ்வொரு நாளே இன்னும் என்னை உறுத்துகின்றது. அவருக்கோ வாழ்நாள் முழுதும் அக்கதவு அடைபட்டிருந்தது.

நியூயார்க்கிற் குடியேறிய பின், 1974-இல் ஜானி பச்சேக்கோவுடன் வெளியிட்ட தட்டு அவரை 'ஸால்ஸா' இசையின் அரசியாக்கிற்று. ஆடவரே நிறைந்த அவ்வரங்கில் அவர் "அஸூக்கர்!" என்று கூவுவார்; 'சர்க்கரை' என்பது பொருள். கரும்பு விளையும் தீவின் மகள் வேறென்ன கூவுவார்!

1990-இல் குவாந்தானமோவிலுள்ள அமெரிக்கத் தளத்திற் பாடச் சென்ற அம்மையார், வேலியருகே குனிந்து தாய்மண் சிறிது அள்ளிக்கொண்டார். அதனைப் பதின்மூன்றாண்டு காத்துவைத்தார். 2003 ஜூலை 16-ஆம் நாள் அவர் மறைந்தபொழுது, அவர் விரும்பியவாறே அம்மண்ணும் அவருடன் நியூயார்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.