நங்கூரம் போட்ட பொத்தான்

பழைய பித்தளைக் கடைக்குப் போனால் என் கண் முதலில் தேடுவது பொத்தான்களைத்தான். குத்துவிளக்கும் தூக்குப்போசியும் யார் கண்ணிலும் படும். பொத்தான் படாது, குவியலோடு அனுப்பர்பாளையம் பித்தளைப் பட்டறைக்குப் போய் உருகிவிடும். "எடைக்கே வராதுங்க, சும்மா எடுத்துக்குங்க" என்று கடைக்காரர் ஒருமுறை கொடுத்த பொத்தானில் கயிறு சுற்றிய நங்கூரமும் அதன்மேல் கிரீடமும் இருந்தன. பிரிட்டிஷ் கப்பற்படை 1812 முதல் அணிந்த சின்னம்.

கடலில்லாத கோவைக்கு இது எப்படி வந்திருக்கும்? மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் ரயில் வந்தது, 1899இல் குன்னூர் ஏறியது. வெள்ளைக்காரர் வாழ்ந்த நீலகிரி பங்களாச் சாமான்கள் ஏலம் போய் மலையிறங்கி வருவது இங்கே வழக்கம்தான்.

காலத்தைச் சொல்வது கிரீடம். அதன் வளைவுகள் நடுவில் அமுங்கியிருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம். 1901இல் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தபின் வளைவுகள் மேலெழும்பி உருண்டன. இரண்டாம் எலிசபெத் காலத்தில் மறுபடி அமுங்கின. ஆனால் அதற்குமுன், 1950லேயே, நம் கப்பற்படை கிரீடத்தை இறக்கி அசோகச் சிங்கத்தை ஏற்றிவிட்டது. ஆகவே நம்மூரில் அகப்படும் அமுங்கிய கிரீடத்தை விக்டோரியாவுடையது என்றே நான் முதலில் எண்ணுவேன். பின்பக்கத்தில் ஃபர்மின் போன்ற லண்டன் நிறுவனத்தின் பெயரும் தெருவும் பொறித்திருந்தால், அந்தக் கடை எந்த ஆண்டுகளில் அந்தத் தெருவில் இருந்தது என்பதைக் கொண்டு காலத்தை இன்னும் நெருங்கலாம்.

பொத்தானோடு கோட்டின் கையும் கிடைத்தால் பெரும்பேறு. கப்பல் செலுத்தும் அதிகாரிகளின் பொன்பட்டையில் 1856 முதல் ஒரு சுருள் உண்டு. 1863இல் பட்டைகளுக்கு இடையே மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கருக்கு வெள்ளை, பொறியாளருக்கு ஊதா என்று துணி வைத்தார்கள். சிவப்பு இருந்து சுருள் இல்லையென்றால், 1918க்கு முந்தைய கப்பல் மருத்துவர். உள்பையில் தையற்காரர் சீட்டு ஒட்டியிருந்து அதில் பெயரும் இருந்தால், 1814 முதல் அச்சான நேவி லிஸ்ட் என்ற அதிகாரிகள் பட்டியலில் தேடலாம். லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தின் ஏடிஎம் 196 வரிசையில் அவருடைய பணிக்குறிப்பே கிடைக்கக்கூடும். எந்தக் கப்பலில் போனார், எப்போது பதவி உயர்ந்தார் என்று ஒரு மனிதர் எழுந்து வருவார். அந்தப் பொன்பட்டையைச் சரிகை என்று வாங்கி வெள்ளிக்காக எரித்துவிடுகிறார்களே, அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அந்நியர் சின்னம் நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஆண்டார்கள், எப்போது போனார்கள் என்பதற்கு அதுவும் சாட்சி. நம் கப்பற்படை அட்மிரல்களின் தோள்சின்னமே 2023 டிசம்பரில்தான் சிவாஜியின் முத்திரையைத் தழுவி மாறியது. மாறுவதற்குமுன் இருந்ததையும் யாராவது எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் நங்கூரம் போட்ட பொத்தான் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். மேலே இருப்பது மெல்லிய பொன்முலாம். தேய்த்தால் போய்விடும், எழுத்தும் மழுங்கும். இருபக்கமும் படமெடுத்து, எங்கே யாரிடம் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். விற்பதை அதன்பிறகு யோசிக்கலாம்.