கிணற்றடிப் பனை



போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது நான் பீர் குடித்தேன். 71 வயதில், முதல் தடவை. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மருமகள் எடுத்த படம் ஏற்கெனவே குடும்பக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதினி ஒருத்தி இன்னும் என்னோடு பேசவில்லை.

இந்திரா நகரில் ஒரு கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய உலோகத் தொட்டிகள். அங்கேயே காய்ச்சி, அங்கேயே நொதிக்க வைத்து, அங்கேயே ஊற்றுகிறார்கள். பாட்டில் கிடையாது. மகன் கோதுமை பீர் சொன்னான். கலங்கலாக வந்தது. "வடிகட்டலப்பா, ஈஸ்ட்டு உள்ள இருக்கு" என்றான். மூக்கருகே கொண்டுபோனேன். பழுத்த வாழைப்பழ வாசனை, லேசாகக் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் செய்கிற வேலை அது.

என்னிடம் படித்தவர்களுக்கு நொதித்தல் பாடம் ஞாபகம் இருக்கும். இன்வர்டேஸ் சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும், சைமேஸ் அதை எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் கரும்பாலைக் கழிவுப் பாகைத்தான் உதாரணம் சொல்வேன். பனையைச் சொன்னதே இல்லை.

என் அப்பா பனையேறி. இது உங்களில் பலருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாமல் கட்டினால் பாளையிலிருந்து சொட்டச் சொட்டவே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், அது கள். காலையில் இனிப்பு, மத்தியானம் சுறுசுறுப்பு, ராத்திரி புளிப்பு. 1981-ல் கடைகள் திறந்தபோது அப்பா கள்ளுக்கு ஏறினார். நான் அப்போது புது வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் திண்ணையில் ஒரு சின்னக் கலயம் மூடி வைத்திருப்பார்.

"ஒரு வாய் குடிச்சுப் பாரு மக்களே. இது கெணத்தடிப் பனை. பாறைக்காட்டுப் பனைக்க கள்ளு இப்படி இருக்காது."

அவருக்கு ஒவ்வொரு மரத்தின் ருசியும் தனித்தனியாகத் தெரியும். நான் ஒவ்வொரு ஞாயிறும் "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகவன், வேண்டாம்ப்பா" என்பேன். அவர் வற்புறுத்த மாட்டார். அடுத்த ஞாயிறும் வைத்திருப்பார்.

1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அப்பா மறுபடி சுண்ணாம்புக் கலயத்துக்குத் திரும்பினார், அம்மா கருப்பட்டி காய்ச்சினாள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை ஒளிக்கப் போவதில்லை.

மகன் இரண்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தவன். அங்கே கேஸ்க் ஏல் என்று ஒன்று உண்டாம். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து கடைசிவரை நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறையில் 12 டிகிரி வாக்கில் வைத்து, கையால் பம்ப் அடித்து ஊற்றுவார்கள். திறந்தால் மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வாயு ஏற்றிய கம்பெனி பீர் அதை அழித்துவிடும் என்று பயந்து 1971-ல் நாலு பேர் கூடி காம்ரா என்ற சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகக் கடைகளைத் தேடிப் பட்டியல் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டே கோப்பையில் பாதியைக் குடித்திருந்தேன். அதற்கு மேல் இறங்கவில்லை. மகன் கசப்பு என்று நினைத்துக்கொண்டான்.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். முதல் பெஞ்சில் இருந்த என் மாணவன் ஒருவனை 42 வயதில் ஈரல் கெட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் குடித்தது எந்த மரத்திலிருந்தும் இறங்கியது இல்லை.

பொங்கலுக்கு மகன் வந்தபோது அவனை வடசேரியில் பஸ் ஏற்றி, களியக்காவிளை தாண்டிக் கூட்டிப் போனேன். கேரளத்தில் கள்ளுக்கடைக்குத் தடை இல்லை. மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் அருமை. கள் தென்னங்கள். எந்த மரத்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியில் வருகிறது என்றார். மகன் குடித்தான். நான் கிழங்கு மட்டும் தின்றேன்.

கிணற்றடிப் பனை இப்போது இல்லை, வீடு கட்டிவிட்டார்கள்.

மாசி, பங்குனியில் பாளை சீவுவார்கள். உங்கள் வீட்டில் யாராவது இன்னும் பனை ஏறினால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயம் போதும். ஆனால் எந்த மரத்து அக்கானி என்று சொல்லித் தர வேண்டும். மகனையும் கூட்டிக்கொண்டு வருவேன்.