ஓட இடமில்லாத ஆட்டம்

எட்டயபுரத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மழையில் பிசினாய்க் காலைப் பற்றும். அம்மண்ணில் கால்பந்து பழகிய எங்கள் பள்ளி மாணவர், ஓராண்டு குறுவட்டப் போட்டியில் வலிமைமிக்க நகரத்து அணியொன்றை மூன்றுக்கு ஒன்று என வென்றனர்.

மறுநாள் அரையிறுதி. எதிரே நின்றதோ, எதிரணி வராமையால் ஆடாமலே முன்னேறியிருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளி. அவருள் சிலருக்குக் காலணியும் இல்லை. பொறுப்பாசிரியராகச் சென்றிருந்த நான், "மதிய உணவுக்கு முன் முடித்துவிட்டு வாருங்கள்" என்றேன். பிள்ளைகள் சிரித்தபடியே களம் புகுந்தனர். ஒற்றைக் கோலில் தோற்றுத் திரும்பினர்.

அலட்சியமே காரணம் என்று அன்று எண்ணினேன். உடற்கல்வி ஆசிரியர் அதனை முழுதாக ஏற்கவில்லை. "நேற்று அவர்கள் நம்மைத் தாக்க முன்னேறி வந்தார்கள், ஐயா. அவர்கள் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் கிடந்தது. நம் பிள்ளைகள் அதில் ஓடினார்கள். இன்றோ பதினொருவரும் தம் கோல் முன்பே அரணாய் நின்றுவிட்டார்கள். ஓட இடமேது?"

அவர் கூறியதை நான் பிறகு பல ஆட்டங்களில் கண்டேன். அரணாய் நிற்பவரைக் கலைக்கப் பந்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். இடைவெளி தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். இளையோருக்கு ஓட்டம் இயல்பாக வரும், காத்திருத்தல் வராது. அரைமணி நேரம் கோல் விழாவிட்டால் ஒவ்வொருவரும் தாமே முடித்துவிட முயன்று தொலைவிலிருந்து உதைப்பர். தடுப்பாட்டக்காரரும் முன்னேறிவிடுவர். அப்போது பின்புறம் விழும் ஒரு நெடும்பந்து போதும். எங்களுக்கும் அப்படித்தான் விழுந்தது.

தேர்ந்த அணிகளும் எளிதென எண்ணத்தக்க ஆட்டங்களில் இடறியதுண்டு. கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்த உங்களுக்கு வளைகோல் பந்தாட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில், இந்திய ஆடவர் அணி பிரிவுச் சுற்றின் ஐந்து ஆட்டங்களில் 76 கோல்கள் அடித்தது. ஹாங்காங்குக்கு எதிராக மட்டும் 26. ஜப்பானை 8-0 என வென்றது. அரையிறுதியில், தரவரிசையில் தன்னினும் பின்தங்கியிருந்த மலேசியாவை எதிர்கொண்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் மலேசியா 2-2 எனச் சமன்செய்தது. பின்னர் நடந்த ஷூட்-அவுட்டில் இந்தியா 6-7 எனத் தோற்றது. தங்கம் வென்றது யார் தெரியுமா? எட்டுக் கோல் வாங்கிய அதே ஜப்பான்!

இக்கதையெல்லாம் அறியாத காலத்தில்தான் நாங்கள் ஊர் திரும்பும் பேருந்தில் அமர்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. உணவுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. எட்டயபுரம் நெருங்குகையில் அணித்தலைவன் என் இருக்கையருகே வந்து நின்றான். "நீங்கள் சொன்னபடியே மதிய உணவுக்கு முன் முடித்துவிட்டோம், ஐயா" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. நான் சன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.