ஒட்டு நகமும் ஒரிஜினல் நகமும்

எச்சரிக்கை: இது நகத்தைப் பத்தின பதிவு. ரங்கமணிகள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். பொண்ணு கல்யாணத்துக்கு பில் கட்டப் போற ரங்கமணிகள் மட்டும் கொஞ்சம் உட்காருங்க :-)

கல்யாண சீசன் வந்தா இப்பல்லாம் மருதாணிக்கு அடுத்தபடியா நெயில் எக்ஸ்டென்ஷன்தான். மோதிரம் போடும்போது, மாலை மாத்தும்போது எல்லாம் கேமராக்காரர் கையைத்தானே க்ளோசப்ல பிடிக்கிறார். பார்க்க அழகாத்தான் இருக்கு. "அந்தக் காலத்துல நாங்கல்லாம்..."னு ஆரம்பிக்கிற ஆள் நான் இல்ல. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு அதைக் கழட்டின கையைப் பார்த்தா பாவமா இருக்கும். காகிதம் மாதிரி மெலிஞ்சு, ஓரமெல்லாம் உரிஞ்சு, தண்ணி பட்டாலே கூசுற நகம். "ஒட்டு நகம் போட்டா இப்படித்தான்"னு எல்லாரும் சொல்றாங்க. எங்க அக்கா பொண்ணு மட்டும் இல்லைங்கிறா.

அவ பல் டாக்டர். பி.டி.எஸ். முடிச்சுட்டு ஒரு க்ளினிக்குல வேலை பார்க்கிறா. போன தை மாசம் அவளுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி ரேட் விசாரிக்க ஒரு பார்லருக்கு நானும் அவளும் போனோம். உள்ள காலை வச்சதுமே மூக்கைச் சுளிச்சா.

"சித்தி, இது எங்க காலேஜ் லேப் நெடி."

பல்செட் செய்யுற லேப்ல ஒரு பவுடரையும் ஒரு திரவத்தையும் கலப்பாங்களாம், கொஞ்ச நேரத்துல கல்லு மாதிரி இறுகிடுமாம். அக்ரிலிக் நகத்துக்கும் அதே பவுடர் - லிக்விட் வித்தைதான். யோசிச்சா ஆச்சரியமே இல்ல, ரெண்டும் ஒரே குடும்பம். 1950கள்ல ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் உடைஞ்ச தன்னோட நகத்துக்கு பல் வைத்திய அக்ரிலிக்க வச்சு ஒட்டுப் போட்டதுலதான் இந்தத் தொழிலே ஆரம்பிச்சதுன்னு ஒரு கதை உண்டு.

பல்செட்டுக்குப் போடுற திரவம் மீதைல் மெத்தாக்ரிலேட், சுருக்கமா எம்.எம்.ஏ. நகத்துக்குப் போட வேண்டியது அதோட தங்கச்சி ஈ.எம்.ஏ., அதாவது ஈதைல் மெத்தாக்ரிலேட். எம்.எம்.ஏ. நகம் ரொம்பக் கெட்டி. எங்கயாவது இடிச்சா ஒட்டு நகம் உடையாது, அடியில இருக்கிற நம்ம நகம்தான் சதையை விட்டுப் பேர்ந்துக்கும். அசிட்டோன்ல லேசுல கரையவும் கரையாது. இந்தப் பிரச்சனையெல்லாம் வந்துதான் அமெரிக்காவுல 1970கள்லயே எஃப்.டி.ஏ. நடவடிக்கை எடுத்து, முழுக்க எம்.எம்.ஏ.வா இருந்த நகச் சரக்கைச் சந்தையிலேர்ந்து எடுக்க வச்சது. ஆனா விலை மலிவு. மலிவா ஒண்ணு இருந்தா அது எங்கயாவது ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

வாசனையை வச்சு மட்டும் எம்.எம்.ஏ.தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஈ.எம்.ஏ.வுக்கும் நெடி உண்டு. அதனால பாட்டிலைக் காட்டச் சொன்னோம். லேபிளே இல்ல. "இது லிக்விட் மேடம், இது பவுடர்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதைத் திட்டி என்ன ஆகப் போகுது? முதலாளி வாங்கிக் கொடுக்கிறதைத்தான் போடும். நாள் பூரா அந்த நெடியில உட்கார்ந்திருக்கிறதும் அதுதானே.

அன்னிக்கு அப்படியே திரும்பிட்டோம். வீட்டுல அக்காவுக்கு ஒரே வருத்தம். "எல்லாப் பொண்ணுங்களும் போட்டுக்கிறாங்க, இவ மட்டும் மொட்டை விரலோட மேடையில நிக்கணுமா?" அப்புறம்தான் இவ விஷயத்தை உடைச்சா. அவளுக்கு நகத்தை விடப் பெரிய பயம் அலர்ஜியாம். அக்ரிலேட் இறுகுறதுக்கு முன்னாடி ஈரமா தோல்ல பட்டா சிலருக்கு ஒத்துக்காமப் போயிடும். விரல் நுனி அரிக்கும், சிவக்கும், உரியும். அந்தக் கையால கண்ணைத் தொட்டா இமையும் வீங்கும். ஒரு தடவை வந்துட்டா வழக்கமா ஆயுசுக்கும் போகாது. பிரிட்டன்ல தோல் டாக்டர்கள் சங்கம் 2018ல இதைப் பத்தி எச்சரிக்கையே விட்டிருக்கு, முக்கியமா வீட்டுலயே போட்டுக்கிற ஜெல் கிட்டுகளைப் பத்தி.

நமக்கு வந்தா நகத்தோட போச்சு. அவளுக்கு? பல்லை அடைக்கிற வெள்ளை சிமெண்டும் அந்த வகையறாதான், பல்செட் திரவமும் அதேதான். "க்ளவுஸ் போட்டுக்கடி"ன்னேன். சாதாரண க்ளவுஸை அந்தத் திரவம் கொஞ்ச நிமிஷத்துலயே ஊடுருவிடுமாம். அஞ்சு வருஷப் படிப்பை ஒரு சாயங்காலத்துக்காகப் பணயம் வைக்க முடியாதுன்னா. அதுக்கு மேல அக்காவும் பேசல. போதாததுக்கு, நோயாளிகளைத் தொடுறவங்க செயற்கை நகம் போடக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2009 கை சுத்த வழிகாட்டியே சொல்லுது. நகத்தடியில கிருமி தங்கிடும், எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் முழுசாப் போகாது.

கடைசியில பஞ்சாயத்து எப்படித் தீர்ந்துச்சுன்னா, ரிசப்ஷன் சாயங்காலத்துக்கு மட்டும் ப்ரெஸ்-ஆன் நகம். அதுவும் பசை இல்லாம, கூடவே வர்ற ரெண்டு பக்கமும் ஒட்டுற ஸ்டிக்கரை வச்சு. ராத்திரி வந்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஓரத்துல எண்ணெய் விட்டு ஊற வச்சா, தானா கழண்டு வந்துச்சு. அடியில நகம் போன மாதிரியே இருந்துச்சு. (நடுவுல பந்தியில இடது கை சுண்டு விரல் நகம் மட்டும் காணாமப் போச்சு. யார் இலைக்குப் போச்சோ, கேட்காதீங்க.)

எல்லாருக்கும் ஒரு சாயங்காலம் போதாதுன்னு தெரியும். ஜெல், அக்ரிலிக்தான் வேணும்னு இருக்கிறவங்க ரெண்டு கட்டத்துல உஷாரா இருக்கணும்: போடுறதுக்கு முன்னாடி ராவும்போது, முடிஞ்சு எடுக்கும்போது. நகம் போறது பெரும்பாலும் இந்த ரெண்டு இடத்துலதான்.

நகத்தோட கனமே சுமாரா அரை மில்லிமீட்டர்தான். பிடிப்பு வரணும்னு அதை ராவுவாங்க. பளபளப்பு போற அளவுக்கு லேசாத் தேய்ச்சா போதும். ஹார்டுவேர் கடை உப்புத்தாள் மாதிரிதான் ஃபைலும், நம்பர் கூடக் கூட நைசு. சொந்த நகத்து மேல 180க்குக் கீழ வேண்டாம். 100 நம்பர் எல்லாம் ஒட்டு நகத்தை வடிவு பண்ணத்தான். டிரில் மெஷினை எடுத்தாங்கன்னா, "என் நகத்து மேல வேண்டாம்மா, கையாலயே தேய்ங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். சூடோ எரிச்சலோ தெரிஞ்சா அப்பவே கையை இழுத்துக்கணும். நகத்தடியில இருக்கிற மெல்லிய தோலையும் வெட்ட விடாதீங்க. அது வெட்டித் தள்ளுற அழுக்கு இல்ல, கிருமி உள்ள போகாம அடைச்சு வச்சிருக்கிற சீல். ஜெல் விளக்குல கையை வைக்கிறதுக்கு முன்னாடி சன்ஸ்க்ரீன் தடவிக்கிறதோ, விரல் நுனி வெட்டின க்ளவுஸ் போட்டுக்கிறதோ நல்லது, அது யூ.வி. வெளிச்சம்.

எடுக்கிறதுதான் பெரிய கண்டம். ஒரு பக்கம் லேசாத் தூக்கினதும் கை சும்மா இருக்காது. டிவி பார்த்துக்கிட்டே பிய்ச்சு எடுத்துடுவோம். பிய்க்கும்போது கூடவே நம்ம நகத்தோட மேல் அடுக்கும் வந்துடும். அந்த மெலிஞ்ச நகம் மருந்துக்கெல்லாம் தேறாது, வளர்ந்து வெளிய போனாத்தான் உண்டு. கை நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர் வளரும். முழுசா மாற ஆறு மாசம். ஒரு நிமிஷ அவசரத்துக்கு ஆறு மாசத் தண்டனை! பொறுமையா மேல் பளபளப்பை ராவிட்டு, சுத்தித் தோல்ல வாசலின் தடவி, அசிட்டோன்ல நனைச்ச பஞ்சை வச்சு, அலுமினியத் தாளைச் சுத்திப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. இளகினதை மரக்குச்சியால தள்ளினா வரணும். வரலைன்னா இன்னும் ஊற வைங்க, நெம்பாதீங்க. முடிஞ்சதும் கையைக் கழுவிட்டுத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான்.

"நகம் மூச்சு விடணும்"னு இடைவெளி விடச் சொல்லுவாங்க. நகம் மூச்சே விடாது, அது செத்த கெரட்டின். ஆனாலும் இடைவெளி நல்லதுதான், ராவினது வளர்ந்து போக நேரம் வேணுமில்லையா. அந்த நேரத்துல நகம் வளர பயோட்டின் மாத்திரைன்னு யாராவது நீட்டினா டாக்டரைக் கேட்காம முழுங்காதீங்க. தைராய்டு மாதிரி சில ரத்தப் பரிசோதனை முடிவையே அது மாத்திக் காட்டும்.

ஒட்டு நகத்துக்கு அடியில பச்சையா ஏதாவது தெரிஞ்சா பாலிஷ் போட்டு மறைக்காதீங்க. இடுக்குல ஈரம் தங்கி வளர்ற சூடோமோனாஸ் பாக்டீரியாவா இருக்கலாம். நகத்தை எடுத்துட்டு டாக்டர்கிட்ட காட்டணும். சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சு சாப்பிடுற கைக்கும், பாத்திரம் தேய்க்கிற கைக்கும் இது வர நிறைய வாய்ப்பு. அதனால தேய்க்கும்போது ரப்பர் க்ளவுஸ், நீளமும் அளவா.

அப்புறம் ரெண்டு தீ விஷயம். நகப் பசை டிரஸ்ல கொட்டினா பஞ்சை எடுத்துத் துடைக்கப் போகாதீங்க. அந்தப் பசையும் பருத்தியும் சேர்ந்தா தோல் வெந்து போற அளவுக்குச் சூடாகும். காட்டன் துணி மேலயே கொட்டிட்டா உடனே கழட்டிடுங்க. அசிட்டோன் சொல்லவே வேண்டாம், பக்குனு பத்திக்கும். கல்யாண வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, இதுக்கெல்லாம் எட்டத்துல உட்கார்ந்து ஊற வைங்க.