கடல் தெரியாத கடற்கரைப் பாதை

அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் நின்று நோக்கினால் கண்ணுக்குப் புலப்படுவது பாக் நீரிணை. கருத்துக்குப் புலப்படுவது அப்பாலுள்ள இலங்கைத் தீவு. அத்தீவின் தெற்கு அதிவேகப் பாதையில் பிரயாணம் செய்யும் வாய்ப்பு நமக்குச் சமீபத்தில் கிட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையை அன்றாடம் மிதிக்கும் நம்மவர்க்கு அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுவது பயனுடையதாகும்.

கொழும்புக்கு அருகேயுள்ள கொட்டாவையில் தொடங்கும் இப்பாதை 2011-ஆம் வருஷம் நவம்பர் மாதம் காலி வரையில் திறக்கப்பட்டது; 2014-இல் மாத்தறையையும் 2020-இல் அம்பாந்தோட்டையையும் எட்டியது. மொத்த நீளம் சுமார் 222 கிலோமீட்டர். இலங்கையில் அமைந்த முதல் அதிவேகப் பாதை இதுவே. ஏறுமிடத்தில் சீட்டு வாங்கி, இறங்குமிடத்தில் தூரத்துக்கேற்பச் சுங்கம் செலுத்த வேண்டும். பழைய வீதியில் மூன்று மணி நேரம் பிடித்த காலிப் பிரயாணம் இதில் ஏறக்குறைய ஒரு மணியில் முடிந்துவிடுகிறது.

துறைமுகப் பட்டினங்களை இணைக்கும் பாதையாயினும், கொழும்பிலிருந்து காலி செல்லும் வரையில் நாம் கடலைக் காணவேயில்லை! ரப்பர்த் தோட்டங்களுக்கும் கறுவாத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே அது உள்நாட்டில் செல்லுகிறது. பழைய வீதியும் ரயிலுமோ அலையோரமாகவே செல்லுகின்றன. அதன் ஆபத்தை 2004 டிசம்பர் 26 காட்டிற்று. அன்று பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு ரயில் வண்டியையே புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலை விட்டு விலகிய மாற்றுப் பாதை அவசியந்தான் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பக்கத்தாராகிய நமக்கு, கண் வயலின் மீதே சென்றது. வயல்களின் குறுக்கே உயர்ந்த மண்மேடு. நீர் கடந்து செல்ல அடியில் மதகுகள். அவற்றில் ஒன்று தூர்ந்தால் மேற்புறத்து வயல் ஏரியாகிவிடும் என்பதை நமது விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நிலம் இழந்தோர் கதையும் உண்டு. முதலில் ஆராய்ந்து வகுத்த தடத்தை விட்டுச் சில இடங்களில் பாதை திருப்பப்பட்டது. தங்களைக் கேளாமலே இது செய்யப்பட்டதென்று நிலத்துக்குரியோர் வழக்காடினர். அவர்களுக்கு இயற்கை நீதி மறுக்கப்பட்டதென்று 2004-இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நஷ்ட ஈடு வழங்க உத்தரவிட்டது. பாதை நிற்கவில்லை, நீதி மாத்திரம் தாமதித்து வந்தது.

மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அப்பாதையில் இடமில்லை. வேகத்தை உத்தேசித்தால் இது நியாயமே. எனினும், தன் வயலைப் பிளந்து செல்லும் பாதையில் தன் வண்டியை ஏற்ற முடியாத குடியானவன் அதைத் தன்னுடையதென்று எவ்வாறு கருதுவான்? நமது கடற்கரைச் சாலையில் வேகம் குறைவு. ஆனால் உப்பளத் தொழிலாளியும் மீன் கூடைக்காரியும் அதில் உரிமையோடு செல்லுகின்றனர்.

நமது பக்கத்திலும் இத்தகைய பாதை வேண்டுமென்பார் உளர். வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நீர் செல்ல வழி, ஆள் கடக்க வழி, நிலம் கொடுப்போர் பேச வழி—இம்மூன்றையும் முதற்கல் நாட்டுவதற்கு முன்பே கேட்டுப் பெறுவது நமது கடமை.