விளக்கம் சொன்னால்தான் விடை

'சீரழிந்த நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4).'

போக்குவரத்து நெரிசலில் சிக்கி நொந்துபோன யாரோ எழுதிய வரி என்று தோன்றும். உண்மையில் இது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. 'நகரம்' என்ற சொல்லின் நான்கு எழுத்துகளும் சீர் அழிந்து இடம் மாறினால் 'நரகம்'. பாவிகள் போய்ச் சேருவதும் அங்கேதான். குறிப்பில் ஐந்து சொற்கள், ஒன்றுகூட வீணில்லை.

சாதாரணக் குறுக்கெழுத்தில் 'சொர்க்கத்தின் எதிர்ச்சொல்' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டலாம். 'கிரிப்டிக்' எனப்படும் மறைகுறிப்பு வகையில் ஒவ்வொரு குறிப்பும் விடையை இரண்டு முறை சொல்கிறது. ஒரு முனையில் நேர்ப்பொருள், மறுமுனையில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது தெரியாதபடி மேலே ஒரு வாக்கியத்தைப் போர்த்திவிடுவார்கள். இரண்டு வழியாகப் போயும் ஒரே சொல்லில் வந்து நின்றால் விடை சரி. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் இந்தத் தந்திரமெல்லாம் கிடையாது. கோணல் புத்தி வந்தது இங்கிலாந்தில். 'அப்சர்வர்' இதழில் 1926 முதல் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் முழுக்க முழுக்க மறைகுறிப்புகளாலேயே புதிர் அமைத்தார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தி மக்களை வதைத்த டார்க்கிமாடாவின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். 1939இல் அவர் இறந்தபின் வந்த மேக்நட் 'சிமினிஸ்' ஆனார், அதுவும் ஒரு விசாரணைத் தலைவரின் பெயர். 1972இல் தொடங்கிய ஜோனதன் கிரவுதரின் புனைபெயர் 'ஏசெட்'. டெசா என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதினால் கிடைப்பது. வாசகரை வதைப்பதே தங்கள் தொழில் என்று மூவரும் பெருமையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வதைக்கும் ஒழுங்குமுறையை வகுத்தவரும் இந்த சிமினிஸ்தான். நேர்ப்பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், சொல்லைக் கட்டும் வழி நேர்மையாக இருக்க வேண்டும், இவை இரண்டைத் தவிர குறிப்பில் வேறெதுவும் இருக்கக் கூடாது. 1966இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான். மூன்றாவது விதிதான் எனக்கு உயிர்.

'முதல் போன கவிதை முளைக்கும் (2)' என்று ஒரு குறிப்பு அமைக்கலாம். சொந்தக் காசில் கவிதைத் தொகுப்பு போட்டவர்களுக்கு வயிறெரியும். 'கவிதை'யின் முதலெழுத்துப் போனால் 'விதை', அது முளைக்கும். இதையே 'முதல் போன கவிதை மீண்டும் முளைக்கும்' என்று எழுதினால் வாக்கியம் அழகாகிவிடும். ஆனால் அந்த 'மீண்டும்' என்ன வேலை செய்கிறது? விடையைக் கண்டுபிடித்த பிறகும் அந்த ஒரு சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கும். நான் அதை அடித்துவிடுவேன்.

இந்த உறுத்தலை நாளிதழ்கள் பொருட்படுத்துவதில்லை. மறுநாள் பெரும்பாலும் விடைக்கட்டத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கட்டம் நிரம்பிவிட்டது, ஆனால் ஏன் அந்தச் சொல் என்பது தெரியவில்லை. இதற்குப் புதிரை விடுவித்தது என்று பெயரா? கணக்குத் தேர்வில் வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் வாத்தியார் சந்தேகமாகப் பார்ப்பார் அல்லவா, அது நியாயம்தான். குறுக்கே வரும் நாலு எழுத்தை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டு 'முடித்துவிட்டேன்' என்று எழுந்துபோகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை பார்த்தது என்று இன்னொருவருக்குச் சொல்ல முடிகிற நிமிடத்தில்தான் உண்மையான மகிழ்ச்சி. சொல்லும்போதே சில சமயம் குறிப்பு இன்னும் உயரும், சில சமயம் அமைத்தவரின் சாயம் வெளுக்கும்.

தமிழுக்கு இந்த விளையாட்டு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வாஞ்சிநாதன் 'தென்றல்' இதழில் அமைத்த புதிர்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மொழியே ஒத்துழைக்கிறது. முதல் என்றால் மூலதனம், முதலெழுத்தும்கூட. கடை என்றால் வியாபாரம் நடக்கும் இடம், இறுதியும்தான். இடை, உயிர், மெய், ஒற்று என்று இலக்கணத்தின் கலைச்சொற்கள் அத்தனையும் இரட்டை வேடம் போடக்கூடியவை. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் அக்கரச் சுதகம் என்றொன்று உண்டு. ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக நீக்க, வேறு வேறு பொருள் வந்துகொண்டே இருக்கும். காதை கரப்பில், செய்யுளின் முடிவிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் படித்தால் இன்னொரு செய்யுள் கிடைக்கும். டார்க்கிமாடா பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

சிக்கல்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இருபத்தாறே எழுத்துகளைக் கலைத்து நீளமான தொடர்களைக்கூட உருமாற்றலாம். தமிழில் ஒரு கட்டத்துக்குள் 'க'வும் 'கா'வும் வெவ்வேறு எழுத்துகள், ஆகவே கலைத்து அடுக்க வாகான சொற்கள் குறைவு. வேற்றுமை உருபு வேறு குறுக்கே நிற்கும். 'நகரத்தை' என்று எழுதிய மறுகணம் நரகம் கைவிட்டுப் போய்விடும். ஒளித்துவைப்பது மட்டும் சுலபம். 'வந்த வளையலுக்குள்ளிருந்து மழைக்காலத்தில் கத்தும் (3)' என்பதில் தவளை ஒளிந்திருப்பது கண்ணுக்கெதிரேதான்.

சிமினிஸின் சட்டத்தை மதிக்காதவர்களும் உண்டு. 'கார்டியன்' இதழில் அரவுகேரியா என்ற பெயரில் புதிர் அமைத்த பாதிரியார் ஜான் கிரஹாம் விதிகளைத் தாராளமாக மீறினார். விடுவிப்பவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2013 ஜனவரியில் வந்த புதிரின் முகப்பில், தனக்கு வந்திருக்கும் நோயையும் அதற்கான சிகிச்சையையும் கட்ட எண்களாலேயே குறிப்பிட்டிருந்தார். கட்டங்களை நிரப்பியவர்களுக்குச் செய்தி கிடைத்தது: உணவுக்குழாயில் புற்றுநோய், வலி தணிக்கும் சிகிச்சை மட்டும். அந்த ஆண்டு நவம்பரில், 92 வயதில் காலமானார். அவருடைய மீறல்களை நான் மன்னித்துவிடுகிறேன், மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்களுக்கு ஒன்று: 'தலையில்லாத குதிரை படம் காட்டும் (2).' விடையை மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டேன், விளக்கமும் வேண்டும்.